இட்டேரியும் கேட்டும்: வளாகத்தில் நடப்பவர்கள் குறித்துச் சில விவாதக் குறிப்புகள்

1

உயர்கல்வி நிறுவனங்களைத் தரம் பிரிக்கும் ‘நாக்’ அமைப்பின் கையேட்டில் ‘பாதசாரிகளுக்கு உகந்த பாதைகள்’ என்றொரு வரி உண்டு. பசுமை வளாக முயற்சிகள் என்ற பகுதியில் அது வருகிறது. அங்கே மொத்தம் ஐந்து அம்சங்கள்: மோட்டார் வண்டிகள் நுழையக் கட்டுப்பாடு, சைக்கிள் அல்லது பேட்டரி வண்டி, பாதசாரிகளுக்கு உகந்த பாதை, பிளாஸ்டிக் தடை, மரஞ்செடி வளர்த்து அழகுபடுத்துதல். சமீப ஆண்டுகளில் புழக்கத்தில் இருந்த வடிவத்தின்படி, ஐந்தில் நான்கைச் செய்திருந்தாலே அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண். அதாவது நடப்பவருக்கு ஒரு அடி பாதைகூடப் போடாத பல்கலைக்கழகம், மற்ற நான்கைக் காட்டி முழு மதிப்பெண்ணும் வாங்கிவிட முடியும். சான்றாக இடக்குறியோடு எடுத்த புகைப்படங்கள் தர வேண்டும். மதிப்பீட்டு முறையை இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். முறை மாறலாம்; அந்த வரிக்குப் பின்னால் இருக்கிற பார்வை மாறுமா என்பதுதான் நம் கேள்வி.

இந்த வரியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்போம். நடப்பவர் இங்கே ‘பசுமை’யின் கீழ் வருகிறார். மரம், செடி, புல்தரை இவற்றின் வரிசையில் அவருக்கு ஒரு இடம். மாணவி, தொழிலாளி, மாற்றுத்திறனாளி என்ற எந்த அடையாளமும் அவருக்கு இல்லை. அவர் எங்கிருந்து வருகிறார், எத்தனை மணிக்கு வருகிறார், தலையில் என்ன சுமந்து வருகிறார் என்ற கேள்விகள் பிரதியில் இல்லை. பாதை இருக்கிறது, நடக்கிறவர் இல்லை. இப்படி இணைக்கப்படும் படங்களில் நான் பார்த்தவை பலவற்றிலும் ஆளே கிடையாது. புதிதாகப் பதித்த சிமெண்டுக் கற்கள், இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் செடி, மேலே வெயில். ஆள் நடமாட்டமில்லாத பாதைதான் ‘நடப்பதற்கு உகந்த பாதை’ என்று சான்றாகிறது. அதிகாரத்தின் மொழி இப்படித்தான் வேலை செய்கிறது. யாருடைய பெயரால் பேசுகிறதோ அவரை முதலில் படத்திலிருந்து அப்புறப்படுத்திவிடுகிறது.

நம் பேச்சு வழக்கிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. ‘வாக்கிங் போறவங்க’ வேற, ‘நடந்து போறவங்க’ வேற. முன்னதற்கு இங்கிலீஷ் சொல், பின்னதற்குத் தமிழ்ச் சொல். வாக்கிங் போகிறவருக்கு ஷூ இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, டாக்டரின் அறிவுரை இருக்கிறது. வீட்டில் வண்டியும் இருக்கிறது. நடந்து போகிறவருக்கு வண்டி இல்லை, அவ்வளவுதான். வாக்கிங் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து முடிகிறது. நடை வேலைக்கோ வகுப்புக்கோ போய்ச் சேர வேண்டும். கோவை ரேஸ்கோர்ஸைச் சுற்றி ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் நடைபாதையை ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்தில் புதுப்பித்தார்கள். 2016இல் அந்தத் திட்டத்துக்கு முதலில் தேர்வான 20 நகரங்களில் கோவையும் ஒன்று. ரேஸ்கோர்ஸ் பாதை நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது ஒரு வட்டம். வட்டத்தில் நடக்கிறவருக்குக் கிடைத்தது, பஸ்ஸை விட்டிறங்கி நேர்கோட்டில் போக வேண்டியவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

2

லாலி ரோட்டிலிருந்து மருதமலை வரைக்கும் போகிற சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகமானது. வடவள்ளி தாண்டினால் பாரதியார் பல்கலைக்கழகம், அரசு சட்டக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல வளாகம். சாலையின் முடிவில் முருகன். தைப்பூசத்துக்கு ஊரே நடந்துபோகிற சாலை இது. பழனிக்கு நாள் கணக்கில் காவடியோடு நடக்கிற மரபுள்ள கொங்கு நாட்டில் நடை யாருக்கும் அந்நியமான சங்கதி அல்ல. ஆனாலும் பக்திக்கு நடக்கும் உடலுக்குச் சாலை ஒதுங்கிக்கொடுக்கிறது. பாடம் படிக்கவும் கூட்டிப் பெருக்கவும் நடக்கும் உடலைச் சாலையோரத்து மண்ணில் தள்ளிவிடுகிறது.

பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் வந்தது. அதற்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையமாக இருந்தது. சுமார் ஆயிரம் ஏக்கர். நிலம் விவசாயிகளிடமிருந்து கையகப்படுத்தப்பட்டது. இழப்பீட்டுப் பிரச்சனை பல பத்தாண்டுகள் இழுத்தடித்தது. ஆயிரம் ஏக்கர் என்பதைப் பெருமையாகச் சொல்வது நம் வழக்கம். நடப்பவரின் கணக்கில் ஆயிரம் ஏக்கர் என்றால் என்ன? துறைக்கும் துறைக்கும் நடுவே, துறைக்கும் விடுதிக்கும் நடுவே, விடுதிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே வெயிலில் கடக்க வேண்டிய தூரம். காரில் வருகிறவர் மட்டுமே அனுபவிக்கக்கூடிய விசாலம் அது.

கொங்குக் காட்டுவெளிக்கு ஒரு பழைய நடை இலக்கணம் இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டியும் மாடும் ஆளும் போகிற தடம். இதற்கு இட்டேரி என்று பெயர். இந்தப் பக்கத்துக் காடு ஒருத்தருடையது, அந்தப் பக்கத்துக் காடு இன்னொருத்தருடையது, நடுவே போகிற தடம் போக வரவுக்குப் பொது. சொத்துடைமையின் நடுவிலும் கடந்துபோகும் வழியை விட்டுவைத்த ஏற்பாடு இது. இதைப் பொற்காலமாக்கிக் கொண்டாட எனக்கு உத்தேசமில்லை. இதே தடத்தில் யார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது, யார் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது, எதிரே யார் வந்தால் யார் வேலியோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் நம் அப்பன் பாட்டனைக் கேட்டால் தெரியும். இட்டேரி பொதுவாகவும் இருந்தது, சாதியாகவும் இருந்தது. நவீன வளாகம் இதில் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டது? கடந்துபோகும் வழியை அடைத்துவிட்டது. ஒதுங்கி நிற்கும் முறையை மட்டும் வைத்துக்கொண்டது.

3

‘கேட்டு’க்கு வருவோம். வளாகம் ஒன்று, பெயர் வேண்டாம். பஸ்ஸிலிருந்து இறங்கி கேட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு கார். வாச்மேன் தடுப்பை உயர்த்தி ஒரு சல்யூட் அடித்தார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை, கண்ணாடி கறுப்பு. என்னிடம் வந்ததும், “ஏனுங், எங்கீங்க போறீங்க? யாரப் பாக்கோணும்?” நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர். அவர் மேல் தப்பில்லை. வண்டி அடையாளம், கால் சந்தேகம் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட பாடம்.

உள்ளே போகையில் துப்புரவு வேலைக்கு வருகிற ஒரு அம்மா கூடவே நடந்தார். ஒப்பந்தத் தொழிலாளி.

“ஏனுங்கக்கா, தினமும் இந்நேரத்துக்கு நடந்துதான் வர்றீங்களா?”

“நடக்காம பறந்துங்களா வர முடியும்? மின்னயெல்லாம் ஊருக்குப் பக்கத்தால ஒரு சின்னக் கேட்டு இருந்துதுங்க. பொசுக்குனு உள்ள வந்துக்குவோம். இப்பப் பூட்டிப் போட்டாங்க. பாதுகாப்பாமா. மெயின் கேட்டுக்குச் சுத்திட்டு வரோணும். ஆறரைக்குக் கையெழுத்துப் போடாட்டி அரை நாள் சம்பளம் போச்சுங்க.”

இந்த வளாகத்திலும் சிமெண்டுக் கல் பதித்த அழகான நடைபாதை உண்டு. நிர்வாகக் கட்டடத்தைச் சுற்றி உண்டு. அந்த அம்மாவைப் பொறுத்தவரை வளாகத்தை ‘நடப்பதற்கு உகந்ததாக’ ஆக்க ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு பூட்டைத் திறந்தால் போதும். ஆனால் பூட்டைத் திறப்பதை எந்தக் கையேட்டிலும் மதிப்பெண்ணாகப் போட முடியாது. கல் பதிப்பதற்கு டெண்டர் உண்டு. பூட்டைத் திறப்பதற்கு டெண்டர் இல்லை.

பஞ்சாலை நகரத்தில் இது ஆச்சரியமில்லை. கோவையின் பழைய கல்வி நிறுவனங்கள் பலவற்றுக்குப் பின்னால் ஆலை முதலாளிகளின் அறக்கட்டளைகள் இருந்தன. பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926இல் உருவானது, அதன் தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் வந்தது. கொடையைக் குறைத்துச் சொல்லவில்லை. சங்கு ஊதினால் திறந்து சங்கு ஊதினால் மூடும் ஆலைக் கேட்டின் தர்க்கம், உள்ளே வரும் உடலை எண்ணிப் பார்த்து அனுமதிக்கும் தர்க்கம், கல்விக்கூடத்தின் கேட்டிலும் படிந்திருப்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களும் இதற்கு விலக்கில்லை. சிறையும் பள்ளியும் ஆலையும் ஒரே கண்காணிப்பு இலக்கணத்தில் எழுதப்பட்டவை என்று ஃபூக்கோ சொன்னதை நாம் இங்கே எத்தனையோ தரம் மேற்கோள் காட்டியாகிவிட்டது. மேற்கோளோடு நின்றுவிட்டோம். கேட்டருகே போய் நின்று பார்க்கவில்லை.

மிஷேல் தெ செர்தோ 1980இல் வெளியிட்ட நூலில், நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்து 110ஆவது மாடியிலிருந்து நகரத்தைப் பார்க்கிற கண்ணையும், கீழே நடக்கிறவர்களின் காலையும் எதிரெதிராக வைத்தார். மேலே இருக்கிற கண்ணுக்கு நகரம் ஒரு வரைபடம். கீழே நடக்கிறவர்கள் அந்த வரைபடத்துக்குள் அடங்காத வேறொன்றைக் காலால் எழுதிக்கொண்டு போகிறார்கள். எந்த வளாகத்திலும் இதைப் பார்க்கலாம். ‘புல்தரையில் நடக்காதீர்’ என்ற பலகைக்குப் பக்கத்திலேயே புல் தேய்ந்து ஒரு ஒத்தையடித் தடம் விழுந்திருக்கும். மாஸ்டர் பிளான் போட்டவர் நினைக்காத குறுக்கு வழி அது. வளாகத்தில் உண்மையான நடைபாதை எது என்று கேட்டால் அந்தத் தடத்தைத்தான் காட்டுவேன். நிர்வாகம் அதை ஒழுக்கக்கேடாகப் பார்த்து முள்கம்பி போடுகிறது. அதையே ஒரு கோரிக்கை மனுவாக வாசிக்கவும் முடியும்.

4

நடக்கும் உரிமை எங்கிருந்தோ வந்த பசுமைச் சரக்கு அல்ல. நம் அரசியல் வரலாற்றின் மையத்தில் அது இருக்கிறது. 1924 மார்ச் 30இல் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாகிரகம் கோயிலுக்குள் நுழைவதற்காக நடந்ததல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக நடந்தது. ஈரோட்டிலிருந்து போன பெரியார் அதில் இரண்டு முறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. ஒரு தெருவைப் பாக்கி வைத்துத்தான் அதிகாரம் எப்போதும் சமரசம் செய்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். நடை ‘வசதி’யாகச் சுருங்கும்போது இந்த வரலாறு துடைக்கப்படுகிறது.

சுவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஒரு பங்களாவின் உயரமான காம்பவுண்டுச் சுவர் தலித் குடியிருப்பின் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்று மக்கள் சொன்னார்கள். கல்லூரிச் சுவரும் அந்தச் சுவரும் ஒன்று என்று சமன்படுத்த மாட்டேன், அது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் ‘பாதுகாப்புக்குச் சுவர்’ என்ற வாக்கியத்தைக் கேட்டவுடன் யாரிடமிருந்து பாதுகாப்பு, யாருடைய வழி அடைபடுகிறது என்று கேட்கிற பழக்கம் இந்த மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்காவது வர வேண்டாமா?

பெண்கள் விடுதியின் சுவர் இன்னும் விசித்திரமானது. அது கடிகாரத்தால் கட்டப்பட்டது. மாலையில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வளாகத்துக்குள்ளேயே மாணவி நடக்கக்கூடாது. மாணவன் நடக்கலாம். நூலகம் திறந்திருக்கும், விளக்கு எரியும், நடைபாதை இருக்கும். நடப்பதற்கு அவளுக்கு நேரம் கிடையாது. பாலியல் துன்புறுத்தல் தடுப்பு குறித்த யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதிகளில் பெண்களுக்கு மட்டும் பாரபட்சமான விதி போடக்கூடாது என்கின்றன. அதே 2015இல் டெல்லியில் ‘பிஞ்ச்ரா தோட்’ என்று மாணவிகள் திரண்டதும் இதற்காகத்தான். நம் வளாகங்களின் ‘நடை உகந்த’ திட்டங்களில் விடுதியின் ‘இன் டைம்’ ஒரு வரியாகக்கூட வருவதில்லை. நேரத்தை விட்டுவிட்டு வெளியை மட்டும் திருத்துவது, பாதி உடலுக்குச் சட்டை தைப்பது போல.

5

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025 மே 14இல், தடையற்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும், விளிம்புக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வளாகத்தை எல்லோரும் அணுகக்கூடியதாக்கும் கடமையைக் கல்வி நிறுவனங்கள் மேல் வைக்கிறது. இந்த எண்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், மனு எழுத உதவும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் (ஓல்கா டெல்லிஸ் வழக்கு) இதே உச்சநீதிமன்றம் பிழைப்பும் வாழ்வுரிமைதான் என்றது. அதே தீர்ப்பில், நடைபாதை நடப்பவர்களுக்கானது, அதை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொல்லி, அப்புறப்படுத்த அனுமதித்தது. ‘பாதசாரி’ என்ற உருவம் அங்கே ஏழைக்கு எதிராக நிறுத்தப்பட்டது. நாளை நம் வளாகத்துக்கு வெளியே நடைபாதை போடுகிறோம் என்று கேட்டருகே இருக்கிற தள்ளுவண்டிக் கடையை, இளநீர்க்காரரை, கம்மங்கூழ் விற்கும் அம்மாவைத் தூக்கி எறிவார்கள். எறிந்துவிட்டு நம் கட்டுரையையே சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். நடப்பவருக்கு நிழலும் தண்ணீரும் அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிற தைரியமும் தருவது அந்தக் கடைகள்தான். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைச் சேர்த்துப் படிக்காத பாதசாரி அரசியல் நமக்கு வேண்டாம்.

வண்டிக் கட்டுப்பாடும் அப்படித்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளக்கூடாது என்பது நெடுநாள் விதி. உள்ளே சைக்கிளும் வளாகப் பேருந்தும் ஓடுகின்றன. நல்ல காரியம். ஆனால் ஆசிரியருக்கு இந்தத் தடை கிடையாது. கட்டுப்பாடு மேலிருந்து கீழே வரும்போது முதலில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். நிறுத்தப்படுகிறது, இன்னோவா உள்ளே போகிறது. துணைவேந்தரின் கார் எங்கே நிற்கிறது என்பதுதான் ஒரு வளாகம் நடப்பதற்கு உகந்ததா என்பதற்கான பரிசோதனை.

வேறு மாதிரி முடியும் என்பதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம். பெல்ஜியத்தில் 1968இல் மொழிப் பிரச்சனையால் லூவேன் பல்கலைக்கழகம் இரண்டாக உடைந்து, பிரெஞ்சு மொழிப் பகுதி 1970களின் தொடக்கத்தில் லூவேன்-லா-நூவ் என்ற புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தது. காரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டு மேலே நடப்பவர்களுக்கென்று ஊரைக் கட்டினார்கள். கடை, வீடு, வகுப்பறை எல்லாம் கலந்து கிடக்கிறது. ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சுவர் இல்லை. நமக்கும் 1965 உண்டு. மாணவர்கள் வகுப்பை விட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்கள், பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஊர்வலமும் நடைதான். அந்தக் கல்லூரிகள் ஊருக்குள் இருந்தன. பிறகு வந்த பல்கலைக்கழகங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்துக்குப் போய்விட்டன. திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. இன்று மருதமலை அடிவாரத்திலிருந்து ஒரு ஊர்வலம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தே வருவது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

6

அந்த அடிவாரத்தில் நடக்கிற இன்னொருவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாரதியார் பல்கலைக்கழக வளாகத்துக்குள் காட்டு யானைகள் வந்துபோவது வழக்கம். 2024 மே மாதம் வளாகத்துக்குள்ளேயே ஒரு காவலர் யானை தாக்கி இறந்தார். யானை மேல் பழி போட்டுச் சுவரை உயர்த்துவது சுலபம். யானை அதன் தடத்தில் நடக்கிறது. தடத்தின் குறுக்கே வந்தது நாம். ராத்திரியில் கால்நடையாக வளாகத்தைச் சுற்றிவருகிறவர் யார் என்று பாருங்கள், ஆராய்ச்சிப் படிப்பாளரோ அதிகாரியோ அல்ல, காவலர். நடக்கிறவரே சாகிறார்.

சரிப்பா, என்னதான் செய்யச் சொல்றே என்று நண்பர்கள் கேட்கலாம். புரட்சி வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்களைச் சொல்கிறேன். வளாகத்தில் யார் யார் நடக்கிறார்கள் என்று ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கும் எண்ண வேண்டும், ராத்திரி ஒன்பதுக்கும் எண்ண வேண்டும். ஊர்ப் பக்கத்துச் சின்னக் கேட்டுகளைத் திறக்கச் சொல்லுங்கள். பாதையை நிர்வாகக் கட்டடத்திலிருந்து தொடங்காமல் பஸ் நிறுத்தத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நிழலோடு, சக்கர நாற்காலி ஏறும் சரிவோடு, நடுவில் உட்கார ஒரு திண்ணையோடு. தேய்ந்த ஒத்தையடித் தடங்களுக்கு மேல் கல் பதிக்கட்டும். விடுதி நேரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகட்டும். நடக்க முடியாதவருக்கு வளாக வண்டி ஓடட்டும், அதில் துப்புரவுத் தொழிலாளியும் ஏறட்டும். கார் கேட்டருகே நிற்கட்டும், எல்லோருடைய காரும். யானை வரும் பக்கத்தில் விளக்கும் எச்சரிக்கையும், ராத்திரிக் காவலுக்குத் துணை ஆளும் வேண்டும்.

எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பல்கலைக்கழகக் கருத்தரங்குகளுக்கு நம்மைக் கூப்பிடுகிறார்கள். கார் அனுப்புகிறார்கள், ஏறிக்கொள்கிறோம், உள்ளே போய் விளிம்புநிலை பற்றிக் கட்டுரை வாசித்துவிட்டு அதே காரில் திரும்புகிறோம். நானும் ஏறியிருக்கிறேன். அடுத்த தடவை காந்திபுரத்தில் பஸ் ஏறிப் போவோம். கேட்டில் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நடப்போம். கருத்தரங்குக்குக் கொஞ்சம் தாமதமாகும். ஏன் தாமதம் என்று கேட்பார்கள். மேடையில் அதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கட்டுரையை வாசிப்போம்.